கடை இருக்கிறது, பட்டியலில் இல்லை

மஞ்சள் பக்கப் புத்தகத்தில் பூச்சி மருந்து அடிப்பவர்களின் பக்கத்தைத் திறந்தால் முதல் பெயர் ஏ ஒன் என்று இருக்கும். அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் யாரோ ஏ ஏ என்று வந்து அவரைக் கீழே தள்ளியிருப்பார். அதற்கடுத்த ஆண்டு ஏ ஏ ஏ. பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் பக்கத்திலும் இதே கூத்துதான். பலகையில் ‘வேல்முருகன்’ என்று இருக்கும் கடை புத்தகத்தில் ‘ஏஸ் வேல்’ ஆகியிருக்கும். அகர வரிசை என்பது பார்வைக்குத்தான் நடுநிலை. முதலில் வருபவருக்குத்தான் போன் வரும் என்று தெரிந்த பிறகு அதுவும் ஏலத்துக்கு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு மஞ்சள் பக்கப் புத்தகத்துக்கு விளம்பரம் பிடிக்கும் வேலையில் இருந்தேன். கார்பன் வைத்த ஆர்டர் புத்தகம், முந்தைய ஆண்டுப் பிரதி, விளம்பர அளவுகளைக் காட்டும் அட்டை, இவ்வளவுதான் பை. ஜார்ஜ் டவுன் என் பகுதி. கடைக்காரரிடம் “பேரு எப்படிப் போடலாம்ணே?” என்று கேட்டால் தலைக்கு மேலே தொங்கும் பலகையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “ஏ-ல ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணு போடுப்பா” என்பார். எழுதிக்கொள்வோம். காசு கொடுப்பவர் சொல்வதுதான் பெயர் என்பது அன்றைய நியதி. ஆனால் ஒன்று உண்டு. அந்தக் கடை அந்தத் தெருவில் அந்தக் கதவுக்குள் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருப்பேன். செக் வாங்கப் போனால் கடை இருந்தாக வேண்டுமே.

இப்போது திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், வாடகை ஒப்பந்தம், ரெயில்வே தேர்வு விண்ணப்பம் என்று வருகிறவர்களோடு ஒரு புது வகைக் கூட்டமும் வர ஆரம்பித்து சில ஆண்டுகள் ஆகின்றன. “சார், நம்ம கடை மேப்புல காணோம் சார்.” போனை நீட்டுவார்கள். விதிமுறைகளுக்குப் பொருந்தாததால் உங்கள் வணிகப் பக்கம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. எந்த விதி, என்ன பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. கடை திறந்திருக்கிறது, ஊதுவத்தி எரிகிறது, பையன் டீ வாங்கப் போயிருக்கிறான். பட்டியலில் மட்டும் கடை இல்லை.

இதை இயந்திரத்தின் திமிர் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. பட்டியல் போட ஆரம்பித்த நாளிலிருந்தே பட்டியலில் பொய் ஏறிக்கொண்டிருக்கிறது. பொய்யைப் பிடிக்கப் போட்ட வலையில்தான் இந்தக் கடைக்காரர்கள் சிக்குகிறார்கள். அந்தப் பொய்யின் வரலாறு தெரிந்தால் மேல்முறையீட்டு மனுவில் பாதியை எழுதியது போல.

லண்டன் வியாபாரிகளின் பெயர்களைத் தொகுத்துச் சாமுவேல் லீ என்பவர் ஒரு சிறு புத்தகம் போட்டது 1677இல். அதற்கும் முன்பே, 1650இல், ஹென்றி ராபின்சன் அதே ஊரில் ஒரு முகவரி அலுவலகம் திறந்திருந்தார். வேலை தேடுபவர், ஆள் தேடுபவர், வீடு தேடுபவர் எல்லாரும் தங்கள் தேவையை ஒரு ஏட்டில் பதிந்துகொள்ளும் இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலைப் பெரிதாக்கியவர் ஃபிரெடரிக் கெல்லி. தபால் துறையில் கடிதம் கொண்டுசெல்பவர்களை மேற்பார்க்கும் அதிகாரி. அதே ஆட்களைத் தெருத் தெருவாகப் பெயர் சேகரிக்க வைத்து லண்டன் டைரக்டரியைத் தன் சொந்த வியாபாரமாக்கிக்கொண்டார். அரசுச் சம்பளம் வாங்குபவர்களைத் தன் புத்தகத்துக்கு வேலை வாங்குகிறார் என்று அன்றே புகார் கிளம்பியது. புகார் நியாயம்தான். ஆனாலும் அந்தப் புத்தகத்தை நம்பலாம் என்று பெயர் வந்ததற்குக் காரணம், தினமும் அந்தக் கதவைத் தட்டுகிறவனே அதில் பெயரை எழுதிக்கொண்டு வந்தான் என்பது.

சென்னையின் பழைய டைரக்டரி அநாதைப் பிள்ளைகளின் அச்சுக்கூடத்தில் பிறந்தது. எழும்பூரில் 1789இல் ஆண்டுரூ பெல் பொறுப்பேற்ற ஆண் அநாதை விடுதியின் பெயரைச் சொன்னால், பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததும், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்து வரை போனதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது அந்த விடுதியின் அச்சுக்கூடம். அசைலம் பிரஸ் ஆண்டுதோறும் போட்ட பஞ்சாங்கமும் டைரக்டரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் யார் எங்கே என்ன செய்தார்கள் என்று தேடுபவர்களுக்கு இன்றைக்கும் பொக்கிஷம். உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், பெரிய கம்பெனிகள் அதில் வரிசையாக நிற்பார்கள். கொத்தவால் சாவடியில் மூட்டை இறக்கிய வியாபாரியை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஏனென்றால் ஜார்ஜ் டவுனில் தெருவே பட்டியல். காகிதம், கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெரு. கண்ணாடி என்றால் தேவராஜ முதலி தெரு. பவழக்காரத் தெருவில் இன்று பவழம் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. பிற்பாடு மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு, புதுப்பேட்டை என்று அதே வழக்கம் தொடர்ந்தது. ரேடியோ பாகம் வேண்டுபவர் கடைப் பெயர் தெரிந்துகொண்டு போகமாட்டார். தெருவுக்குப் போய் நிற்பார். ஒரு கடையில் இல்லாவிட்டால் அந்தக் கடைக்காரரே நான்கு கடை தள்ளி இருப்பவரைக் கை காட்டுவார். இந்த ஏற்பாட்டில் இல்லாத கடையை இருப்பதாகக் காட்ட வழியே கிடையாது.

அந்த வழியைத் திறந்துவிட்டது தொலைபேசி. கடையைப் பார்க்காமலேயே கடைக்காரரோடு பேசலாம் என்று வந்துவிட்டதே! உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வந்தது. ஒரே ஒரு தாள், ஐம்பது பெயர். எண்கள் கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் கம்பியைச் செருகுவார். சென்னைக்கு இணைப்பகம் வந்தது 1882 ஜனவரியில், கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்த அதே நேரத்தில். சிகாகோவில் ரூபன் டானலி தொழில்வாரியாகப் பிரித்த டைரக்டரியை 1886இல் போட்டார். மஞ்சள் பக்கங்களின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது.

ஸ்ட்ரோஜர் என்பவரின் கதையை எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். அல்மன் ஸ்ட்ரோஜர் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கக் காரியங்கள் செய்துகொடுப்பவர். துக்க வீட்டிலிருந்து அவரைக் கேட்டு வரும் அழைப்புகளை இணைப்பகத்திலிருந்த பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார், அந்தப் பெண் போட்டிக்காரரின் சொந்தக்காரர் என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் எவ்வளவு தூரம் உண்மையோ, விளைவு பெரிது. நடுவில் ஆளே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கினார். மறு ஆண்டு இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் அது நிறுவப்பட்டது. வாடிக்கையாளருக்கும் கடைக்கும் நடுவில் நிற்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர் ஒரு சவ அடக்கக்காரர் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. நடுவில் இருக்கும் ஆளை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைத்தார். ஆள் போன இடத்தில் உட்கார்ந்தது எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதனால் எண் வைத்திருப்பதே ஒரு தகுதி. எண் இல்லாத கடைக்காரர் விசிட்டிங் கார்டில் பக்கத்துக் கடை எண்ணைப் போட்டு அருகில் பி.பி. என்று அடிப்பார். போன் வந்தால் மருந்துக் கடைப் பையன் ஓடிவந்து “அண்ணே, போனு!” என்று கூப்பிடுவான். வெள்ளைப் பக்க டைரக்டரியில் சொந்தப் பெயரில் ஒரு வரி இருந்தால், அந்த முகவரிக்கு அரசாங்கம் கம்பி இழுத்திருக்கிறது என்று பொருள். லைன்மேன் ஏணி வைத்து ஏறி இறங்கிய இடம் பொய்யாக இருக்க முடியாது. சரிபார்ப்பு என்று தனியாக யாரும் கேட்கவில்லை, கம்பியே சரிபார்ப்பு.

டைரக்டரி போட்டவர்களே பொய் எழுதியதும் உண்டு. தங்கள் பட்டியலை வேறொருவர் திருடினால் பிடிப்பதற்காக இல்லாத ஆட்களின் பெயர்களை நடுவே விதைத்து வைப்பார்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து ரூரல் டெலிபோன் நிறுவனத்தின் பட்டியலை ஃபைஸ்ட் என்ற நிறுவனம் எடுத்துப் போட்டபோது, விதைத்திருந்த நான்கு பொய்ப் பெயர்களும் கூடவே போய் மாட்டிக்கொடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. திருட்டுக்குக் கையும் களவுமாகச் சாட்சி இருந்தும் ரூரல் தோற்றது. பெயர், ஊர், எண் மூன்றையும் அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு ஏதும் இல்லை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1991இல் தீர்ப்பு. கடையின் பெயரும் எண்ணும் யாருடைய சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம் என்றாகிவிட்டது.

நம் நாட்டில் அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் எழுந்தது. எனக்குச் சோறு போட்ட வழக்கு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பம்பாயில் டாடா பிரஸ் நிறுவனம் மஞ்சள் பக்கப் புத்தகம் போட ஆரம்பித்தது. தொலைபேசி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் போடும் உரிமை எங்களுக்கு மட்டும்தான், இந்திய தந்தி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன என்று மகாநகர் டெலிபோன் நிறுவனம் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் டாடா பிரஸ் தோற்றது. உச்ச நீதிமன்றம் 1995 ஆகஸ்டில் அதைப் புரட்டிப் போட்டது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, காசு கொடுத்துப் போடும் வணிக விளம்பரமும் அரசியல் சட்டம் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றது. விளம்பரம் செய்பவரின் உரிமை மட்டுமல்ல, அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கும் உரிமை இருக்கிறது என்றும் சொன்னது. வெள்ளைப் பக்கப் பட்டியல் அரசு நிறுவனத்திடமே இருக்கும். மஞ்சள் பக்கம் யாரும் போடலாம்.

எங்கள் அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். இன்று யோசித்தால் அதில் இன்னொன்றும் தெரிகிறது. அரசாங்கம் ஒரு கடையின் விளம்பரத்தைத் தடுத்தால் நீதிமன்றம் கேட்கும். பட்டியல் போடுகிற தனியார் ஒரு கடையை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வீடு போன பிறகு எவனாலும் ஒரு கடையை அழிக்க முடியாது. எண் தவறாகப் போய்விட்டால் கடைக்காரர் எங்களை வாசலில் நிறுத்தித் திட்டுவார், அடுத்த பதிப்பில் தள்ளுபடி கேட்பார். ஆனால் ஒரு வருஷத்துக்கு அவர் பட்டியலில் இருப்பார்.

வி.எஸ்.எஸ். மணி இதே மஞ்சள் பக்கத் தொழிலில் விற்பனையாளராக இருந்தவர். புத்தகத்தை யார் புரட்டுவது, போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தொலைபேசிகள் குறைவாக இருந்த காலத்தில் செய்த முதல் முயற்சி நிற்கவில்லை. 1996இல் பம்பாயில் ஜஸ்ட் டயல் தொடங்கியது. எட்டாக வரும் அதன் எண்ணைச் சுழற்றினால் ஒரு பெண் குரல் பேசும். “தாம்பரத்துல பிளம்பர் வேணும்” என்றால் நான்கு எண் சொல்வார். ஸ்ட்ரோஜர் எடுத்துப்போட்ட நடு ஆள் திரும்பி வந்துவிட்டார். இந்த முறை யார் முதலில் வருவது என்பதற்கு விலை அட்டை இருந்தது.

அப்புறம் வரைபடம். கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. நம் ஊர்த் தெருக்களின் விவரமான வரைபடம் எளிதில் கிடைக்காத நிலையில், மக்களே வரைந்து சேர்க்கட்டும் என்று மேப் மேக்கர் என்ற கருவியை 2008இல் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் இருந்த பொறியாளர்களின் யோசனை அது. சும்மா இருந்த இளைஞர்கள் ராத்திரி உட்கார்ந்து தங்கள் தெருவை, பள்ளிக்கூடத்தை, மூலைக் கடையைக் குறித்தார்கள். பல கடைகள் முதலாளிக்குத் தெரியாமலேயே வரைபடத்தில் ஏறிக்கொண்டன. கெல்லியின் கடிதக்காரர்கள் செய்ததைச் சம்பளமில்லாமல் ஊரே செய்தது. 2015இல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே ஒரு குறும்பர் வரைந்த அசிங்கப் படம் வரைபடத்தில் வெளியாகி மானம் போனதும் அந்தக் கருவியைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். 2017இல் அது மூடப்பட்டது.

குறும்பு சின்ன விஷயம், பணம் பெரிய விஷயம். இரவில் பூட்டிய வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர் நான்கு கடையில் விசாரிக்கமாட்டார், முதலில் வரும் எண்ணை அழுத்துவார். அமெரிக்க நகரங்களில் பூட்டுத் திறப்பவர்கள் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பொய்க் கடைகள் முளைத்தன. காலி மனையில் ஒரு புள்ளி, எங்கோ உட்கார்ந்து போன் எடுக்கும் ஆள், சொன்னதைப் போல் பல மடங்கு கேட்கும் ரசீது. கூகுளும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மோசடிப் பதிவுகளை அலசியது. அவற்றில் பத்தில் நான்கு, பூட்டு, பிளம்பிங், மின்சாரம் என்று கூப்பிட்டால் வீட்டுக்கு வரும் தொழில்கள். அமெரிக்காவும் இந்தியாவும்தான் அந்த மோசடியின் பெரிய களங்கள். பிரையன் சீலி என்பவர் 2014இல் இன்னும் ஒரு படி போனார். எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்கே பொய்ப் பதிவு போட்டு, வந்த அழைப்புகளைத் தன் வழியாகத் திருப்பிப் பதிவுசெய்து, பாருங்கள் எவ்வளவு சுலபம் என்று காட்டினார். மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் 2018இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் எண்களை வரைபடத்தில் மாற்றிவிட்டார்கள். வங்கி என்று நினைத்துப் பேசியவர்கள் அட்டை விவரங்களைத் திருடனிடம் ஒப்பித்தார்கள்.

வலை இறுகியது இதனால்தான். 2018இல் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பொய்ப் பதிவுகளை நீக்கியதாகக் கூகுள் சொன்னது. அதே காலத்தில் எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 1.1 கோடி பொய்ப் பதிவுகள் மிச்சம் இருக்கும் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. முன்பு தபாலில் ஐந்திலக்க எண்ணோடு ஒரு அட்டை வரும், அதைப் போட்டால் போதும். இப்போது கடைக்காரரே தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, கடைப் பலகை, ஷட்டர், உள்ளே உள்ள கருவிகள், கல்லாப்பெட்டி வரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு காலத்தில் நான் என் காலால் செய்த வேலையை இப்போது கடைக்காரர் தன் கையால் செய்கிறார்.

வரலாறு பேசியது போதும். மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடையைச் சொல்கிறேன். பாரிமுனையிலிருந்து நடந்து போகும் தூரம். ஆறடிக்குப் பத்தடி, வாசலில் பிரித்துப் போட்ட மூன்று தண்ணீர் மோட்டார், உள்ளே கையால் சுற்றும் காயில் மெஷின், வார்னிஷ் வாடை. அப்பா நடத்திய கடையை மகன் நடத்துகிறார். வாடிக்கையாளர்கள் மோட்டாரைக் கொண்டுவருவதும் உண்டு, இவர் போய்க் கழற்றி வருவதும் உண்டு. அக்கா மகன் காலேஜ் படிக்கிற பையன், மாமாவுக்கு நல்லது செய்கிறேன் என்று வரைபடத்தில் கடைப் பெயருக்குப் பின்னால் ‘பெஸ்ட் மோட்டார் சர்வீஸ் சென்னை 24 மணி நேரம்’ என்று ஒட்டியிருந்தான். சில வாரங்களில் பக்கம் காணாமல் போயிற்று. “நல்லாத்தானே மாமா போட்டேன்” என்றான். நல்லாத்தான் போட்டிருக்கிறான். ஏ ஏ ஏ என்று போட்டவர்களின் வாரிசு அல்லவா! பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர், கூட ஒரு சொல்லும் கூடாது என்பது இந்தக் காலத்து விதி.

பெயரை வெட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை, கதவு எண் இருந்தது. சென்னையில் மாநகராட்சி கதவுகளுக்குப் புது எண் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு அடையாளம். கரண்ட் பில் கட்டட உரிமையாளர் பெயரில், பழைய எண்ணில். வாடகை ஒப்பந்தம் புதிய எண்ணில். பேங்க் பாஸ்புக்கில் அப்பா காலத்து முகவரி, ஊர் ‘மெட்ராஸ்-1’ என்று. அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972இல், ஊர்ப் பெயர் மாறியது 1996இல். இரண்டும் அந்தப் பாஸ்புக்கை எட்டவில்லை. தபால்காரர் மூன்றும் ஒன்று என்று அறிவார். மனுவைப் படிப்பது ஆளோ இயந்திரமோ, அதற்கு மூன்றும் மூன்று கடை.

ஜி.எஸ்.டி. இருக்கிறதா என்றால் இல்லை. வேலை செய்து கூலி வாங்கும் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பதிய வேண்டியதில்லை. நான் அனைவருக்கும் சொல்வது உதயம் பதிவு. 2020 ஜூலையில் வந்தது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், காசு கிடையாது. அதில் கடைப் பெயரைப் பலகையில் இருப்பது போலவே, எழுத்துப் பிசகாமல், முகவரியில் புதிய எண்ணை முதலிலும் பழைய எண்ணை அடுத்தும் போட்டேன். கூடவே மாநகராட்சித் தொழில் உரிமம், தொழில் வரி ரசீது. கரண்ட் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்தால் இரண்டு எண்ணும் ஒரே கட்டடம் என்று தெரியும். பெயரும் முகவரியும் எல்லாத் தாளிலும் ஒன்றான பிறகுதான் மேல்முறையீட்டுப் பொத்தானைத் தொட வேண்டும். மனுவைத் திறந்துவிட்டால் ஆவணங்களைச் சேர்க்க அறுபது நிமிடம்தான். அப்போது போய் பீரோவைக் குடையக் கூடாது. இன்னொன்று, அவசரப்பட்டு அதே கடைக்குப் புதிதாக ஒரு பக்கம் தொடங்கிவிடுவார்கள். அது முதல் பக்கத்தின் கேஸையும் கெடுக்கும், பழைய விமர்சனங்களும் வந்து சேராது.

எழுதும் மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. “நாங்கள் நாற்பது வருடமாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம்” என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அதை நான் அடித்துவிடுவேன். பொய்க் கடைக்காரனும் அதையேதான் எழுதுவான். பெயரில் கூடுதல் சொற்கள் இருந்தன, நீக்கிவிட்டோம், பலகையின் படம் இணைப்பில், முகவரிக்கு இந்தத் தாள்கள் என்று நான்கு வரி போதும்.

மோட்டார் கடையில் பலகைதான் கடைசி இடைஞ்சல். பெயின்ட் உதிர்ந்து முதல் எழுத்தே இல்லை. கதவு எண் எங்குமே இல்லை. ஒரு பெயின்டரைக் கூட்டிவந்தார். தமிழ் பெரிதாக மேலே, இங்கிலீஷ் சிறிதாகக் கீழே, ஓரத்தில் புதிய எண், அதற்குப் பக்கத்தில் பழைய எண். காய்வதற்குள்ளேயே அக்கா மகன் போனைத் தூக்கிவிட்டான். தெருமுனைப் பலகையிலிருந்து நடந்து வந்து, ஷட்டர் பூட்டைச் சாவி போட்டுத் திறந்து, காயில் மெஷினைச் சுற்றிக்காட்டி, உரிமத்தின் மேல் கேமராவை நிறுத்தினான். “மெதுவா நட தம்பி, பலகையைப் படிக்க விடு” என்று பின்னாலேயே போனேன். பக்கம் திரும்பி வந்தது, பழைய விமர்சனங்களோடு. காணாமல் போயிருந்த நாட்களில் எத்தனை மோட்டார் வேறு கடைக்குப் போயிற்று என்று யாரும் கணக்குச் சொல்லமுடியாது. இவரும் கேட்கவில்லை.

கேட்டவர் பெயின்டர். வேலை முடித்துப் பிரஷ் கழுவிக்கொண்டே, “சார், நமக்கும் இதுல ஒண்ணு போட்டுத் தர முடியுமா?” என்றார். அவருக்குக் கடை கிடையாது, பலகை கிடையாது, ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு சந்தில் வீடு. வீட்டு முகவரியைக் காட்டாமல், வேலை செய்யப் போகும் பகுதிகளை மட்டும் குறித்துப் பதிய வழி இருக்கிறது. வீடியோவில் ஷட்டருக்குப் பதிலாகத் தொழில் கருவிகளைக் காட்டலாம். ஏணி, பிரஷ்கள், எழுத்துக்கு நூல் அடிக்கும் சாக்குக்கட்டி, வண்டி, தான் எழுதி வாங்கிய கூலிக்கு ரசீதுப் புத்தகம். ரசீதுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். முதலில் உதயம் பதிவு, அப்புறம் ஒரு பில் புக் அடித்துத் தருகிறேன் என்று ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.